கோல்கொண்டா போய் வந்த என் பை

என் பை ஹைதராபாத் போயிட்டு வந்துச்சு. சார்மினாரைப் பார்த்துச்சு, கோல்கொண்டாக் கோட்டை வாசல் வரைக்கும் போச்சு, ரயில்ல எனக்குன்னு போட்ட படுக்கையில கொஞ்ச நேரம் படுத்துக்கூடப் பார்த்துச்சு. நான் மட்டும் அம்பத்தூர் மேனாம்பேட்டுலயே இருந்தேன். பயணக் கட்டுரைன்னா போனவங்கதான் எழுதணுமா என்ன? போன நாலு பேரும் உருப்படியா எதையும் பார்க்கலைங்கிறதால போகாத நானே எழுதிடுறேன்.

ஆசை எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லணும். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டுல ஒரு துணிக் கம்பெனியில எனக்குச் செக்கிங் வேலை. தைச்சு வர்ற சட்டையில நூல் பிசிறு, பட்டன், கோணல் தையல் எல்லாம் பார்த்துத் தள்ளணும். பக்கத்து மேசை பாத்திமா, பூந்தமல்லி பக்கத்துல குமணன்சாவடிக்காரி. அவ பொண்ணை ஹைதராபாத்துல கட்டிக் கொடுத்திருக்கா. ஒருவாட்டி போயிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்துல டப்பாவைத் திறந்துகிட்டே சொன்னா: "வசந்தா, அங்க கோல்கொண்டான்னு ஒரு கோட்டை கீது. கீழ வாசலாண்ட நின்னு கைய தட்டினா மலை உச்சியில நிக்கிறவங்களுக்கு கேக்குது. அந்தக் காலத்துல யாருனா வந்தா மேல இருக்கிற ராஜாவுக்கு சேதி சொல்ல அப்டி கட்டிகீறாங்கோ. நான் தட்டினேன், எம்பொண்ணு மேல நின்னு கேட்டா. அல்லா மேல சத்தியமா."

நான் நம்பல. சரி, பார்த்துடலாம்னு கரண்ட் போய் மிஷின் எல்லாம் நின்ன நேரமா நான் மாடிப்படிக்குக் கீழ நின்னேன், அவ மொட்டை மாடிக்குப் போனா. தட்டினேன். அவளுக்கு ஒண்ணும் கேட்கல. சூப்பர்வைசருக்குத்தான் கேட்டுச்சு. "இன்னாம்மா, வேலை நேரத்துல கும்மியா?"ன்னு வந்து நின்னாரு. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தோம். அன்னைக்கு சாயங்காலம் பஸ்ஸுல வரும்போதும் எனக்கு அந்தக் கைதட்டல் நினைப்புதான்.

நான் ஊரே பார்க்காதவள்னு நினைச்சிடாதீங்க. திருத்தணி போயிருக்கேன், மொட்டை. திருப்பதி போயிருக்கேன், அதுவும் மொட்டை. மேல்மலையனூர் வேண்டுதல், திருநள்ளாறு பரிகாரம், சேலம் கல்யாணம், சித்தூர் கருமாதி. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காரியம் இருக்கும், அதை முடிச்ச கையோட அடுத்த பஸ்ஸு. சித்தூருல ஒரு கடைத்தெரு இருக்குன்னே நான் திரும்பி வந்தப்புறம்தான் யாரோ சொன்னாங்க. ஒரே ஒரு ஊரை, எந்த வேண்டுதலும் இல்லாம, எவனுக்கும் மொய் எழுதாம, சும்மா பார்க்கிறதுக்குன்னு பார்க்கணும். கீழ நின்னு ஒரு தட்டு தட்டணும், மேல ஏறி நின்னு யாரோ தட்டுறதைக் கேட்கணும். என் ஆசை அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டே இழுத்து மூடிடுவாங்க. மிஷினுக்கெல்லாம் பொட்டு வச்சு, பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்பிடுவாங்க. லேத் பட்டறையில வேலை பார்க்கிற எங்க வீட்டுக்காரருக்கும் அப்ப லீவு. வேலப்பன்சாவடி காலேஜுல படிக்கிற பையன் தினேஷுக்கும் லீவு. நான்தான் பேச்சை எடுத்தேன். எடுத்த நேரம் என் நாத்தனார் கமலா அண்ணியும் அவங்க வீட்டுக்காரரும் ஆவடியிலேர்ந்து வந்து உட்கார்ந்திருந்தாங்க. அவ்வளவுதான், என் டூரு எல்லாருடைய டூரு ஆயிடுச்சு.

தினேஷ் கோவான்னான். வீட்டுக்காரர் "எங்கனா போவலாம், சோறு நல்லா இருக்கணும்"னாரு. அண்ணி, "ஹைதராபாத்துன்னா வழியில விஜயவாடாவுல எறங்கி கனகதுர்க்கைய பாத்துடலாமே"ன்னாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணி, இந்த ஒரு தடவை சாமிக்கும் லீவு குடுங்க"ன்னேன். அவங்களுக்கு முகம் சுருங்கிப் போச்சு. சார்மினார் பக்கத்துல வளையல் கடைத் தெரு ஒண்ணு இருக்குன்னு சொன்னதும் விரிஞ்சுடுச்சு. பிரியாணின்னதும் வீட்டுக்காரர் சரின்னாரு. வளையலுக்கும் பிரியாணிக்கும் நடுவுல என் கோட்டையை நான் எப்படியோ நுழைச்சு வச்சேன்.

அண்ணி எதுக்கும் காலண்டர் தாளைக் கிழிச்சுப் பார்த்துட்டுத்தான் மூச்சே விடுவாங்க. கிளம்புற நாள் புதன்கிழமை. "வடக்கால சூலம்டா தம்பி! ஹைதராபாத் வடக்குதானே?"ன்னு அலறிட்டாங்க. டிக்கெட் போட்டாச்சு, மாத்த முடியாது. அப்பத்தான் அண்ணி பரஸ்தானம்னு ஒண்ணு சொன்னாங்க. கிளம்புற நாள் சரியில்லேன்னா, முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்துல நம்ம பையை மட்டும் இன்னொருத்தர் வீட்டுல கொண்டு போய் வச்சிடணும். பை கிளம்பிட்டா ஆளு கிளம்பின கணக்கு. அப்புறம் எந்த நாள்ல போனாலும் தோஷம் இல்லையாம். "வூட்டுக்காரி பை ஒண்ணு போனா போதும், மொத்தக் குடும்பமும் கெளம்பின மாதிரி"ன்னாங்க.

எங்க கொண்டு போய் வைக்கிறது? ஆவடியில, அண்ணி வீட்டுலதான். மேப்புல பார்த்தா ஆவடி எங்களுக்கு மேற்கே வருது. அண்ணி பார்த்தா வடக்கு.

திங்கட்கிழமை காலையில குளிச்சுட்டு, வண்டியில வீட்டுக்காரருக்குப் பின்னாடி பையை மடியில வச்சுக்கிட்டுப் போனேன். நீலக்கலரு பை. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையா ஒரு சுடிதார் எடுத்திருந்தேன், மெரூன். மலை ஏறணுமேன்னு ஒரு வெள்ளை கேன்வாஸ் ஷூவும். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வாங்கினது. கடைக்காரன் "பொண்ணுக்கா மேடம்?"னு கேட்டான், ஆமான்னுட்டேன். அண்ணி பைக்குக் குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டு, சாமி அலமாரிக்குக் கீழ வச்சாங்க. பைதானே போயிருக்கு, ஆனா நானே பாதி தூரம் போயிட்ட மாதிரி சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்பெனிப் பூஜை முடிஞ்சு பொரிப் பொட்டலத்தோட வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் வாசல்ல நின்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. போன்ல கனமழைன்னு சேதி வந்திருக்காம். எங்க தெரு பள்ளம். ரெண்டு வருஷம் முன்னாடி சாக்கடைத் தண்ணி முழங்கால் வரைக்கும் உள்ள வந்து, பிரிட்ஜு, பீரோ அடித்தட்டு எல்லாம் போச்சு. அது எனக்கும் தெரியும். வழிச்சுக் கழுவினவளுக்குத் தெரியாதா? நான் புளிக்காய்ச்சலை அடுப்புல ஏத்தினேன். ரயிலுக்குப் புளிசாதம் வேணுமே.

அவரு அண்ணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு. "அக்கா, மழைன்றான். ஊட்ட பூட்டிக்கினு போனா தண்ணி வந்தா யாரு மோட்டார் போட்றது?" அண்ணி, "ஆமாண்டா, யாராவது ஒருத்தர் இருக்கணும்"னாங்க. அவங்க வீட்டுக்காரரும் பின்னாலேர்ந்து "யாராவது இருந்தா நல்லது"ன்னாரு. தினேஷும் தலையைத் தூக்காம "யெஸ், யாராவது"ன்னான். எங்க வீட்டுல யாராவதுன்னா அது நான்தான். கூப்பிடுறதுக்குத்தான் வசந்தா, வேலைன்னு வந்தா என் பேரு யாராவது.

கரண்டியை வச்சுட்டு வந்தேன். "தினேஷ் இருக்கட்டுமே"ன்னேன்.

"புள்ள தனியா இன்னாத்த துன்னுவான்?"

"அப்ப நீங்க இருங்க."

"நான் இல்லாம அக்கா எப்டி வரும்? பாஷை தெரியாத ஊரு."

"உங்களுக்கு மட்டும் தெரியுமா?"

"ஏன் வசந்தா, சின்னப் புள்ள மாதிரி பண்ணிக்கினு? அடுத்த வருஷம் உன்ன இட்டுனு போறேன்"னாரு. சாதாரணமா, பால் வாங்கிட்டு வரேன்னு சொல்ற மாதிரி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, புளி நெடின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். ஒருத்தராவது பின்னாடி வந்து, சரி வசந்தா, எல்லாருமா வேணாம்னு விட்டுடலாம்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிஞ்சு வந்துடுச்சு. யாரும் வரல.

கடைசியா அண்ணிக்கு நானே போன் பண்ணினேன். "அண்ணி, என் பையை உங்க வீட்டுலயே வச்சிடுங்க, வந்து எடுத்துக்கிறேன்"னேன். "ஐயய்யோ, பரஸ்தானம் வச்ச பை! பிரயாணம் போவாம திரும்ப வூட்டுக்குள்ள வரக்கூடாதும்மா. குடும்பத்துக்கே ஆவாது. அது வந்தே ஆவணும். நீ கவலைப்படாத, நான் பத்திரமா தூக்கினு போறேன்"னாங்க. ஆள் வரலைன்னா பரவாயில்ல, பை வந்தே ஆகணும். சிரிக்கிறதா, தலையில அடிச்சுக்கிறதான்னு தெரியல.

இனி நாள் கணக்குல வர்றேன்.

புதன். அவங்க ரயில் ஏறினாங்க. நான் டிவியை ஸ்லாப்புல ஏத்தினேன், பீரோ அடித்தட்டுத் துணியைக் கட்டில் மேல போட்டேன், அரிசி மூட்டையை மேசை மேல வச்சேன். தினேஷ் ஒரு படம் அனுப்பினான். எனக்குப் போட்ட படுக்கையில என் நீலப் பை மல்லாந்து கிடக்குது. கீழ சிரிக்கிற பொம்மை வேற. கொஞ்ச நேரத்துல நான் அவனைக் கூப்பிட்டுப் பேசிக்கிட்டு இருக்கும்போதே டிக்கெட் பரிசோதகர் வந்து தெலுங்குல அதட்டினது போன்லயே கேட்டுச்சு. பக்கத்து சீட்டுக்காரர் அதைத் தமிழ்ல சொன்னாரு: "ஆளு இருந்தாத்தான் படுக்கை, பைக்கெல்லாம் கிடையாதுங்கிறாரு." என் இடத்தை நெல்லூருல ஏறின யாரோ ஒரு தடி ஆளுக்குக் கொடுத்துட்டாராம். எனக்கு அந்தப் பரிசோதகர் மேல கோபமே வரல. அந்த ரயில்ல, அங்க ஒரு ஆளு இருக்கணும்னு கேட்டது அவரு ஒருத்தர்தான்.

வியாழன். மேனாம்பேட்டுல வெயில் கொளுத்துது. மழை பேஞ்சா இறைக்கலாம்னு மோட்டாரைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, அதுக்கும் ஒரு பொட்டு வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு, சட்டி அடியில ஒட்டியிருந்த புளிசாதம். அங்க அவங்க ஒரே ஆட்டோவுல நாலு பேரும் ஏறி, சார்மினாருக்கு முன்னால அது நின்னு போச்சாம். ஆட்டோக்காரர் உருதுல என்னவோ சொல்ல, தினேஷுக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில விளங்கினது இதுதான்: "ஆம்பளைங்க எறங்கித் தள்ளுங்க, அக்கா உட்காந்திருக்கட்டும்." அண்ணி மடியில என் பையோட உட்கார்ந்து வர, எங்க வீட்டுக்காரர் நடுரோட்டுல தள்ளிக்கிட்டே போயிருக்காரு. கேட்டு எனக்குக் கொஞ்சம் குளிர்ந்துதான் போச்சு, பொய் சொல்லல.

சாயங்காலம் அவரே கூப்பிட்டாரு. "பிரியாணி சாப்டோம். இன்னா பேரு வாங்கி இன்னா பிரயோசனம்? நம்ம பூந்தமல்லி பிரியாணி மாதிரி வராது வசந்தா." சார்மினார் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "நாலு தூணு கீது. ஒரே கூட்டம்"னாரு. நம்ம குமணன்சாவடி சிக்னல் மாதிரின்னாரு. இவ்வளவு தூரம் போய் குமணன்சாவடியைப் பார்த்துட்டு வர்ற மனுசனை என்னன்னு சொல்றது? நான் போனை வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போனேன். வானத்துல மருந்துக்குக்கூட மேகம் இல்ல.

வெள்ளி. கோல்கொண்டா. காலையிலேர்ந்து வேற வேலையே ஓடல. வீடியோவுல கூப்பிடுன்னு தினேஷ்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், கூப்பிட்டான். முதல்ல தெரிஞ்சது அந்தப் பெரிய கதவு. யானை முட்டாம இருக்க முள்ளு முள்ளா அடிச்சிருந்தாங்க. பாத்திமா சொன்னபடியே இருந்துச்சு. அப்புறம் அண்ணி தெரிஞ்சாங்க. அவங்க காலைப் பார்த்தேன். என் வெள்ளை ஷூ.

"செருப்பு வாரு அறுந்துச்சும்மா, உன் பையில பாத்தா இது இருந்துச்சு. எனக்கு அளவா கீது பாரு"ன்னாங்க. "உள்ள ஒரு சுடிதார் வேற வச்சுகீற. இன்னாத்துக்கு இந்த வயசுல?" வீட்டுக்காரர் பின்னாடி நின்னு சிரிச்சாரு. எனக்குக் காது ரெண்டும் சுட்டுது. அவங்க முன்னாடி என்னையே நிக்க வச்சு அவுத்துப் பார்த்த மாதிரி இருந்துச்சு. ஆனா நான் அன்னைக்குச் சண்டை போடல. எனக்கு வேற ஒண்ணு வேணும்.

"தினேஷ், நீ போனை எடுத்துக்கிட்டு மேல ஏறுடா. உச்சிக்குப் போ. அப்பா கீழ நின்னு கைத்தட்டட்டும். எனக்கு மேலேர்ந்து கேக்கணும்"னேன்.

"வெயிலும்மா. எவ்ளோ படி தெரியுமா?"

"எனக்காகடா."

"அத்தைக்கு வளையல் கடைக்கு போணுமாம். கார் வெய்ட்டிங்ல கீது."

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நீங்களாவது ஒரு தட்டு தட்டுங்க." அவரு சுத்தும் முத்தும் பார்த்தாரு. "சும்மாயிரு வசந்தா, நாலு பேரு பாக்குறாங்கோ." அந்த நேரம் பார்த்து வேற கூட்டத்துக்கு வழிகாட்டுறவர் ஒருத்தர் வளைவுக்குக் கீழ நின்னு, பளீர்னு ஒரு தட்டு தட்டினாரு. போன்ல கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. ஆனா அது கீழ தட்டினது கீழயே கேட்டது. மேல எப்படிக் கேட்டுச்சுன்னு சொல்ல எங்க ஆளுங்க ஒருத்தரும் மேல இல்ல. என் ஷூ மலை ஏறாமயே வண்டி ஏறிடுச்சு.

போனை வச்சுட்டு அழுதேன். நல்லா சத்தம் போட்டே அழுதேன், வீட்டுலதான் யாரும் இல்லையே. அப்புறம் முகம் கழுவிட்டு அரிசி மூட்டையை இறக்கி வச்சேன், டிவியை இறக்கி வச்சேன். மழை வந்தா வரட்டும்னு இருந்தேன். அந்த நாலு நாளும் ஒரு துளி விழல.

சனிக்கிழமை காலையில வந்து இறங்கினாங்க. அண்ணி வாசப்படியில நின்னு, பைக்கு ஒரு கற்பூரம் காட்டி, "இப்ப உள்ள வரலாம். பிரயாணம் நல்லபடியா முடிஞ்சுது"ன்னாங்க. பிரயாணம் முடிஞ்சது பைக்கு. பையைத் திறந்தேன். ஷூ முனை தேஞ்சு, அடியில அந்த ஊரு மண்ணு ஒட்டியிருந்துச்சு. சுடிதாரை யாரோ கலைச்சுப் பார்த்துட்டு உருண்டையா சுருட்டித் திணிச்சிருந்தாங்க. வீட்டுக்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாரு. வளையல். கல்லு வச்சு ஜொலிச்சுது. போட்டுப் பார்த்தேன், விரல் முட்டியைத் தாண்டல. "உன் அளவு இன்னான்னு தெர்ல"ன்னாரு. இருபத்தி ரெண்டு வருஷமா இந்தக் கையாலதான் சோறு போடுறேன்.

ஞாயித்துக்கிழமை ராவு காலம் சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பிக்குதுன்னு அண்ணி பார்க்கிற மாதிரி அன்னைக்குத் தாளைக் கிழிச்சுப் பார்த்தேன். சுடிதாரைத் துவைச்சு மடிச்சு வச்சேன். ஷூவை மட்டும் துடைக்கல. அந்த மண்ணோடயே உள்ள வச்சேன். சரியா ராவு காலம் பார்த்து பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு ஏறினேன். வடக்கும் இல்ல, மேற்கும் இல்ல, தெக்கால, குமணன்சாவடிக்கு.

பாத்திமா கதவைத் திறந்து என்னையும் பையையும் பார்த்துட்டுப் பதறிட்டா. "இன்னா வசந்தா, பையோட வந்துகீற? ஊட்ல சண்டையா?"

எல்லாத்தையும் சொன்னேன். பை படுக்கையில படுத்ததுக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. ஷூ கதைக்கு அவ சிரிக்கல. என் கையிலேர்ந்து பையை வாங்கி, அவங்க பீரோவுக்குப் பக்கத்துல வச்சுட்டு, "பொங்கலுக்கு கம்பெனி லீவு வுடுவான். எம்பொண்ணு ஊடு கீது, சோறு கீது. நீ கீழ தட்டு, நான் மேல கேக்குறேன். அப்புறம் நான் தட்றேன், நீ மேல போ"ன்னா.

வீட்டுக்கு வந்தப்ப வீட்டுக்காரர் கேட்டாரு, "பை எங்க?"

"பரஸ்தானம் வச்சுட்டேன், பாத்திமா வீட்டுல. பொங்கலுக்குக் கிளம்புறேன்."

அவரு உடனே அக்காவுக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்லேர்ந்து அலறல் வந்துச்சு. "ராவு காலத்துலயா வச்சா? ஐயோ! போய் எடுத்துனு வரச் சொல்லுடா... இல்ல இல்ல, வச்ச பைய பிரயாணம் போவாம எடுக்கவும் கூடாதே!" எடுக்கவும் முடியாது, விடவும் முடியாதுன்னு அண்ணி முழிக்கிறது எனக்குக் கண்ணால பார்க்கிற மாதிரி இருந்துச்சு. நானா சட்டம் போட்டேன்? அவங்க போட்டதுதான்.

வீட்டுக்காரர் போனை அணைச்சாரு. சண்டை போடுவாருன்னு பார்த்தேன், போடல. நிஜமாவே புரியாதவரு மாதிரி கேட்டாரு. "பொங்கலும் அதுவுமா நீ போய்ட்டா, ஊட்ட யாரு வசந்தா பாத்துக்கிறது?"

"யாராவது"ன்னேன்.